எங்கள் வீட்டுக் கலகக்காரி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பள்ளத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். மாமனார் வீட்டில் பெண்களைத் திட்டுவதற்கு இருந்த சொற்களிலேயே கடுமையானது ‘கலகக்காரி’. குடும்பத்தை இரண்டாக்குகிறவள் என்று அங்கே அதற்குப் பொருள்.

எனக்காக அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டவர் என் கணவருடைய அண்ணன் மனைவி. அக்கா என்று கூப்பிடுவேன். அதிகம் பேசமாட்டார். காரைக்குடிப் பள்ளி ஒன்றில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தபோது மாமனார், “நம்ம வீட்டுல என்ன கொறச்சல்? வேண்டாம்னு சொல்லிரு” என்றார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுப்படியிலிருந்து அக்கா வந்து நின்றார்.

“அவ போகட்டும் மாமா. வீட்டு வேலைய நான் பாத்துக்கிறேன்.”

“என்ன, நீயும் கலகக்காரியாக் கெளம்பிட்டியா?”

அக்கா திங்கட்கிழமை காலையில் என்னை டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் வீடு திரும்பினார். அதன்பின் பல வாரங்கள் மாமனார் அவரோடு பேசவில்லை. அவர் பரிமாற வந்தால் இலையை விட்டு எழுந்துவிடுவார். அதற்காக அக்கா ஒருநாளும் என்னிடம் முகம் கோணியதில்லை.

பள்ளியில் எனக்கு வரலாற்றுப் பாடம். வெள்ளைக்காரரை எதிர்த்துச் சிப்பாய்கள் செய்த கலகத்தைப் பற்றி ஒருநாள் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்தாள்.

“டீச்சர், எங்கம்மாவத் தெருவுல கலகக்காரின்னுதான் சொல்லுவாக. ரேஷன் கடைய நேரத்துக்குத் தொறங்கன்னு சத்தம் போட்டாக, அதுக்கு. இதுவும் அதுவும் ஒண்ணா?”

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“வெள்ளக்காரன் எழுதுனா அவுக கலகக்காரங்க. நாம எழுதுனா போராடுனவுக. ஆளு ஒண்ணுதான்மா, கூப்புடுற வாய்தான் வேற. ஒங்கம்மா நல்லதுதான் செஞ்சிருக்காக” என்றேன். சொல்லும்போது என் கண்முன் அக்காதான் நின்றார்.

சாயங்காலம் அவரிடம் இதைச் சொன்னேன். மீன் அலசிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “அந்தப் புள்ளையோட அம்மாவ நான் ஒருக்காப் பாக்கணுமே” என்றார்.

மறுவருடம் தையல் படிக்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை வந்தது. இந்த முறை அவருக்காக மாமனாரிடம் நான் பேசுவது என்று தயாராக இருந்தேன். அதற்குள், அதுவரை எதிலும் தலையிடாத மாமியார் முந்திக்கொண்டார்.

“மூத்தவ தையல் வகுப்புக்குப் போறா. மத்தியானச் சோறு நான் ஆக்கிக்கிறேன்.”

மாமனார் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இப்ப இதுல யாரு கலகக்காரி?”

“நாந்தான்னு வச்சுக்கங்க. ரசம் ஊத்தவா?”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அந்தச் சொல்லின் காரம் இறங்கிவிட்டது. பால் குடிக்கமாட்டேன் என்று அடம்பிடித்த என் மகளை, “வாடி கலகக்காரி” என்று மாமனாரே தூக்கிக் கொஞ்சினார். ஓய்வு பெறும்வரை நான் ஆசிரியையாகவே இருந்தேன். பிரிவு உபசார விழாவில் நன்றி சொல்லும் முறை வந்தபோது, முன்வரிசையில் அக்கா தானே தைத்த ரவிக்கையோடு உட்கார்ந்திருந்தார். முதலில் அவரைத்தான் சொன்னேன்.