பூட்டாத செட்டு

செல்லூரில் விசைத்தறிகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் பட்டறை. ராணுவத்தினர் முதுகில் சுமந்து செல்லும் வயர்லெஸ் செட்டுகளைச் செய்கிறோம். கடைசிச் சோதனை என்னுடையது. இந்தத் தறிச் சத்தத்திலேயே தெளிவாகப் பேசும் செட்டு எங்கே போனாலும் பேசும் என்று சொல்லித் திரிவேன். கொஞ்சம் தலைக்கனம்தான், வேலை தெரிந்தவளுக்கு இருக்கட்டுமே.

செட்டில் ஒரு குமிழ் உண்டு. அதைப் பூட்டுப் பக்கம் திருப்பினால், ஒட்டுக் கேட்பவனுக்கு வெறும் இரைச்சல்தான் கிடைக்கும். ஆனால் பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்துத்தான் பேச வேண்டும். இல்லாவிட்டால் முதல் சொல் போய்விடும். எங்கள் ஊரில் யார் பொறுக்கிறார்கள்? பட்டறைக்குள் குமிழைத் திறந்தே வைத்துப் பேசிப் பழகிவிட்டோம்.

செட்டுகளை வாங்கலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். நாகமலை தாண்டி, அறுப்பு முடிந்த வயல்வெளியில் சோதனை. எங்கள் மூத்த டெக்னீஷியன் ஒரு செட்டோடு தூரத்துக் கண்மாய்க் கரையில் நின்றார். நான் இன்னொன்றோடு அதிகாரி பக்கத்தில். ஒட்டுக் கேட்க அவர் கையில் தனியாக ஒரு ரிசீவர்.

"தங்கச்சி, கேக்குதா? எம்புட்டு வெயிலு! அந்த ஆபீசரு மூஞ்சி எப்படி இருக்கு?"

இரைச்சல் மட்டும் வர வேண்டிய ரிசீவரில் அவர் பேசியது ஒரு சொல் பிசகாமல் கேட்டது. அதிகாரி தமிழர். சிரிக்கவில்லை.

கூட வந்திருந்த எங்கள் முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. "அந்தாள நாளையிலருந்து வர வேணாம்னு சொல்லிரும்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் பேசிப் பார்த்துவிட்டு இரண்டு செட்டையும் திறந்தபடியே விட்டவள் நான். "குமிழத் தொடாதீங்கண்ணே, எல்லாம் சரியா வச்சிருக்கேன்" என்று அவரிடம் சொன்னவளும் நான்தான். பேசாமல் நின்றிருந்தால் பழி அவரோடு போயிருக்கும்.

"தப்பு என்னோடது சார். பூட்டாம விட்டது நான்தான்" என்றேன்.

"இப்ப பூட்டச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

செட்டில் அண்ணனிடம் சொல்லிவிட்டு என் குமிழையும் திருப்பினேன். அதன் பிறகு ரிசீவரில் இரைச்சலைத் தவிர எதுவும் வரவில்லை. செட்டுகள் தேறின, அண்ணனுக்கும் வேலை நிலைத்தது. ஆனால் நான் சோதித்ததை இன்னொருவரும் சோதிக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார் அதிகாரி. அந்த இன்னொருவர் அண்ணன்தான்.

முதல் வாரமே நான் கையெழுத்துப் போட்ட ஒரு செட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். "பூட்டு விழலையேம்மா" என்றார். எரிச்சலாக வந்தது. அதை முதுகில் மாட்டிக்கொண்டு யாரோ ஒரு சிப்பாய் நம்பிப் பேசியிருப்பான் என்று உறைத்ததும், செட்டைக் கழற்ற உட்கார்ந்தேன்.