கரைத் தெரு வார்டு

எங்கள் வார்டு இப்போது இல்லை. எல்லையைத் திருத்தியபோது பக்கத்து வார்டோடு சேர்த்துவிட்டார்கள். அதன் கடைசித் தேர்தல் இரண்டாயிரத்து ஆறில் நடந்தது. நின்றது என் அம்மா.

சுனாமிக்குப் பிறகு கரைத் தெருவில் யாரும் குடியிருக்கவில்லை. எல்லோரும் உப்பளத்துக்கு இந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த காலனிக்கு வந்துவிட்டோம். அங்கே மிஞ்சியது இடிந்த சுவர்கள், வாசற்படிகள், ஒரு தெருவிளக்கு. அத்தனை பெரிய அலைக்கும் அந்தக் கம்பம் சாயவில்லை. கடல் கொண்டுபோன என் தம்பியின் உடல் கிடைக்கவேயில்லை. அவன் வந்தால் வழி தெரிய வேண்டுமாம். "வெளக்கு எரிஞ்சாத்தான்டி வீடு எங்கன்னு தெரியும்" என்பாள் அம்மா. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும்.

வார்டு மெம்பருக்கு நின்ற கேபிள் டிவிக்காரர் ஒரே ஒரு வாக்குறுதிதான் கொடுத்தார். ஆள் இல்லாத தெருவுக்கு எதற்கு விளக்கு, பிடுங்கிக் காலனியில் நடுவேன் என்றார். அவர் வீட்டிலும் ஒரு பெண்பிள்ளையை அலை கொண்டுபோயிருந்தது. ஆனாலும் சொன்னது நியாயம்தான். காலனி முனையில் பாம்பு அடிக்காத வாரமில்லை. மறுநாளே அம்மா போய் மனுத் தாக்கல் செய்துவிட்டாள். "ஊரே சிரிக்கும்மா, மானம் போவுது!" என்று கத்தினேன். காதில் வாங்கினால்தானே.

எங்கள் பக்கத்தில் ஓட்டுக் கேட்கப் போனால் ஒரு வாசலையும் விடக்கூடாது. விட்டால் அந்த வீட்டுக்காரர் ஜென்மத்துக்கும் முகம் கொடுக்கமாட்டார். அம்மா காலனியை முடித்துவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் தன் பூட்டு சாவிச் சின்னம் போட்ட நோட்டீஸ் கட்டோடு கரைத் தெருப் பக்கம் நடந்தாள்.

"அங்க யாரும்மா இருக்கா?"

"வாசல் இருக்குதில்ல? வாடி."

ஒவ்வொரு படியிலும் நின்றாள். "அண்ணே, பூட்டு சாவிக்குப் போடுங்க." "யக்கா, மறந்துடாத." செத்தவர்களை முறை சொல்லிக் கூப்பிட்டு, நோட்டீஸைக் கல்லுக்கு அடியில் வைத்து, பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்து, தலையை ஆட்டிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனாள். அன்றைக்கு என்னவோ அலைச் சத்தமே இல்லை. கூரையில்லாத ஒரு வீட்டின் முன்னால் ஈரம் காயாத கோலம் கிடந்தது. இன்னொரு படியில் இலையில் சோறு. தொட்டுப் பார்த்தேன், சூடு ஆறவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு ஈ காக்கை இல்லை. ஐயோ! அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேதான் திரும்பி வந்தேன்.

யூனியன் ஆபீஸில் ஓட்டு எண்ணினார்கள். பிரித்த சீட்டெல்லாம் பூட்டு சாவி. கேபிள்காரரின் ஆட்டோ சின்னத்துக்கு ஒன்றுகூட விழவில்லை. அதிகாரி நம்பாமல் செல்லாத சீட்டுகளை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தார். உயிரோடு இருப்பவர்கள் போட்ட ஓட்டுதானா இது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கேபிள்காரரோடு வந்த ஆள்தான் முதலில் பேசினார். "ஏம்பா, எங்க ஓட்டுதான் போவட்டும், உன் ஓட்டு எங்கப்பா?"

கேபிள்காரர் நேரே அம்மாவிடம் வந்தார்.

"நானும் உனக்குத்தான்க்கா குத்தினேன். காலனிக்கு வெளக்கு வேணும்னுதான் நின்னேன், சத்தியமா. சீட்ட கையில வாங்கினதும் முடியலக்கா. பாப்பாவுக்கு இருட்டுன்னா பயம்."