கொழுந்தனார் லாஞ்சில், நான் கப்பலில்!

கப்பல் ஏறிவிட்டேன்!

ஏறியதோடு விடவில்லை. கடலைத் தாண்டிக் கொழும்பில் இறங்கி, ஆசை தீர ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு முழுசாகத் தென்காசி திரும்பியும் விட்டேன்!

பிழைப்புக்காக இல்லை. வியாபாரத்துக்காக இல்லை. சும்மா, உல்லாசமாக! (எங்கள் தெருவில் இந்தக் காரணத்துக்காகக் கப்பல் ஏறிய முதல் ஆள் நான்தான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

என் வீட்டுக்காரருக்குக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. வருஷா வருஷம் குற்றாலத்துச் சாரல் நேரத்தில் லீவில் வருவார். இந்த வருஷம், "நீ முதல்ல இங்கன வந்து ஊரப் பாரு. பெறவு ரெண்டு பேருமா குத்தாலத்துக்குத் திரும்பிருவோம்" என்று எழுதிவிட்டார்.

மாமியார் கொதித்துப் போனார்.

"ஏட்டி கோமதி, கப்பல் ஏறுதவள்லாம் தேயிலை பறிக்கப் போறவ. நீ என்னத்துக்குட்டி போற?"

"பாக்கத்தான் அத்தை."

"என்னத்தப் பாக்க? கடல்ல தண்ணிதான கெடக்கு! நம்மூர்க் குளத்துல இல்லாத தண்ணியா?"

அப்போது முன்னால் வந்து நின்றவர் என் கொழுந்தனார் சண்முகம்.

"நான் இருக்கேம்லா! மைனிய பத்திரமா அண்ணன்ட்ட ஒப்படைச்சுட்டு வாரேன். கடலுக்கெல்லாம் பயப்படுத ஆளா நானு?"

(திருச்செந்தூரில் முழங்கால் அளவு இறங்கியதுதான் அவருடைய மொத்தக் கடல் அனுபவம்.)

ரயிலேறித் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தோம். அங்கே போனால், கப்பல் கரைக்கே வராதாம்! ஆழம் போதாதாம். தூரத்தில் பொம்மை மாதிரி நிற்கிறது. லாஞ்சு என்கிற சின்ன விசைப்படகில் ஏறித்தான் அதனிடம் போக வேண்டும்.

கிட்டத்தில் போனதும் பொம்மை கறுப்பு மதிலாகிவிட்டது. அதன் பக்கவாட்டில் ஓர் ஏணிப்படி தொங்கியது. எங்கள் லாஞ்சோ அலையில் எழும்பி எழும்பி விழுந்தது.

"அலை மேல தூக்கும்போது ஏணில கால வைங்க! யோசிக்காதிய!" என்று கத்தினார் லாஞ்சுக்காரர்.

முதலில் கொழுந்தனார். காலைத் தூக்கினார். லாஞ்சு இறங்கியது. காலை இழுத்துக்கொண்டார்.

மறுபடி தூக்கினார். மறுபடி இழுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அப்படியே உட்கார்ந்து பலகையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"மைனி, திரும்பிருவோம்."

"என்ன தம்பி சொல்லுதிய?"

"எனக்கு முடியாது மைனி. அண்ணன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன். ஊருக்குப் போயிருவோம்."

பின்னால் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். லாஞ்சுக்காரர் என்னைப் பார்த்தார்.

"நீங்க ஏறுதியளா, திரும்புதியளாம்மா? சட்டுனு சொல்லுங்க!"

பக்கத்துத் தெருவுக்குக்கூட நான் தனியாகப் போனவள் இல்லை. ஆனால் இன்றைக்குத் திரும்பினால், "அப்பவே சொன்னேம்லா" என்ற ஒரு பேச்சிலேயே என் ஆயுசு கழிந்துவிடும். இனி ஒருநாளும் வாசல் தாண்ட முடியாது.

"தம்பி, என் டிக்கெட்டக் குடுங்க."

கண்ணைத் திறக்காமலே எடுத்துக் கொடுத்தார்.

சேலையை இழுத்துச் செருகினேன். அலை தூக்கியது.

வைத்துவிட்டேன் காலை!

மேலிருந்து ஒரு கப்பல்காரர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். திரும்பிப் பார்த்தால் லாஞ்சு கிணற்றுக்குள் கிடப்பது போல அடியில் கிடந்தது. அதற்குள் கொழுந்தனார். பின்னாலேயே கயிற்றில் என் டிரங்குப் பெட்டியும் மேலே வந்து சேர்ந்தது.

டெக்கில் பாய் விரித்திருந்த ஒரு கடையநல்லூர் அம்மா, பக்கத்தில் இடம் விட்டார். பெயர் மைமூன். கணவரோடு மகனைப் பார்க்கப் போகிறாராம்.

"தனியாவா தாயி வாரிய?"

"ஆமா!" என்றேன். சொல்லும்போதே உடம்பு சிலிர்த்தது.

கப்பல் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் டெக்கில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். எங்கும் ஒரே வாந்தி! எனக்கு ஒன்றுமே செய்யவில்லை. மைமூனுக்கும் அவர் கணவருக்கும் தண்ணீர் கொடுத்தேன், நாக்கில் வைக்க நார்த்தங்காய் கொடுத்தேன். பிறகு கம்பி ஓரமாக உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்துச் சாப்பிட்டேன். (கொழுந்தனார் பங்கையும் சேர்த்து.)

சூரியன் இறங்கியபோது எந்தத் திசையிலும் கரை இல்லை. மருமகளே என்றோ மைனி என்றோ கூப்பிட ஓர் ஆள் இல்லை. பயமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை! சத்தமாகப் பாட வேண்டும் போல இருந்தது.

விடிந்ததும் கொழும்பு. துறைமுகத்தில் நின்ற வீட்டுக்காரர் என் முதுகுக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பிய எங்க?"

"தூத்துக்குடில."

"அப்ப உன்னக் கூட்டிட்டு வந்தது யாரு?"

"நான்தான்!"

வாயைப் பிளந்தவர், டிராம் வண்டியில் ஏறிய பிறகுதான் மூடினார்.

ஊர் திரும்பிய மறுநாளே வீட்டோடு, பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு குற்றாலம். அருவியில் குளித்துவிட்டு நல்ல பசியோடு எல்லாரும் இலை போட்டு உட்கார்ந்தோம். கொழுந்தனார் பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"மைனி கப்பல்ல ஒரே அழுகை அண்ணாச்சி. நாந்தான் தைரியம் சொல்லிக் கொண்டுபோய்ச் சேத்தேன். கேப்டன் தொரை எனக்குக் கை குடுத்தாருன்னா பாத்துக்கிடுங்க!"

(தூத்துக்குடியில் ஒரு சிநேகிதர் வீட்டில் சில நாள் இருந்துவிட்டு வந்து, ஊர் முழுக்க இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்!)

என் வீட்டுக்காரர் கையில் சோற்று உருண்டையோடு நிமிர்ந்தார்.

"ஏலே சம்முவம், நீ எப்பலே கொழும்புக்கு வந்த?"

கொழுந்தனார் துண்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் குளிக்கக் கிளம்பிவிட்டார். எல்லாரும் சிரித்த சிரிப்பில் எதிர்ப்பாறையில் இருந்த குரங்கு ஓடிப்போனது.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனியாவாட்டி போன?"

"ஆமா அத்தை."

தொலைந்தேன் என்று நினைத்தேன்.

தன் இலையில் இருந்த வடையை எடுத்து என் இலையில் வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"ஏட்டி, அடுத்த வருசம் என்னையும் கூட்டிட்டுப் போ. சம்முவம் வேண்டாம். நீ மட்டும் வந்தாப் போதும்."

கப்பல் ஏறிய புண்ணியவான்களே, ஒரு யோசனை சொல்லுங்கள். அந்த ஏணியில் அத்தையை முதலில் ஏற்றுவதா, நான் ஏறிக்கொண்டு கை கொடுப்பதா?