இறங்காமல் போன வளைவு

1927 ஜூன் 13, திங்கட்கிழமை. கொல்லம் 1102, வைகாசி முடியப்போகும் நாட்கள். அன்று காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். ஆஸ்பத்திரி அடுப்பைப் பற்றவைத்துக் கத்திகளையும் ஊசிகளையும் கொதிக்கப் போட்டேன். முந்தின நாள் துவைத்துக் காயவைத்த கட்டுத்துணிகளை அகலம் பார்த்துச் சுருட்டி, வண்டிக்கென்று இருந்த தகரப்பெட்டியில் அடுக்கினேன். பதினான்கு சுருள்கள். என் நாட்குறிப்பில் இவையெல்லாம் இருக்கின்றன. அன்று நடந்த வேறொன்று அதில் இல்லை. அதை எழுத எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. சபையார் நடத்திய ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். யாரோ ஒரு புண்ணியவான் தமது பழைய மோட்டாரைக் கொடுத்திருந்தார். அதன் பின்பாகத்தை அறுத்து, பலகை போட்டு, கான்வாஸ் திரை கட்டி, நோயாளிகளைப் படுக்கவைத்துக் கொண்டுவரும் வண்டியாக ஆக்கியிருந்தோம். அதை ஓட்டியவரைத்தான் இங்கே நினைத்துக்கொள்கிறேன். வயதில் என்னைவிடப் பத்து வருஷம் மூத்தவர். நாங்கள் எல்லாரும் அவரை டிரைவர் அண்ணன் என்போம். அய்யாவழிக்காரர். நெற்றியில் வெள்ளை நாமம் இல்லாமல் வண்டியைத் தொடமாட்டார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தச் சாலையில் எந்த ஓடை மழைக்கு எவ்வளவு ஏறும் என்பது விரல்நுனியில் இருக்கும்.

வண்டி வந்த புதிதில் ஜனங்கள் அதைப் பஸ் என்று நினைத்தார்கள். கோழிக்கூடையோடும் வாழைக்குலையோடும் சாலையோரம் நின்று கைகாட்டுவார்கள். "சந்தைக்கு எடம் உண்டுமா?" என்று ஒருவர் ஓடிவந்து கேட்டபோது, டிரைவர் அண்ணன் தலையை வெளியே நீட்டி, "இதுல ஏறணும்னா மொதல்ல காலை ஒடிச்சிட்டு வாரும் ஓய்" என்றார். வண்டிக்குள் கிடந்த நோயாளியே சிரித்துவிட்டார்.

சிரிக்க முடியாத ஒன்று அந்த ஆண்டு ஜனவரியில் நடந்தது. தொண்டை அடைப்பானில் மூச்சுத் திணறிய ஒரு பெண்குழந்தையைக் கொண்டுவந்தோம். வழியில் அரிவாளால் கையை வெட்டிக்கொண்ட ஒருவர் குறுக்கே வந்து நின்றார். நிறுத்தினோம். அவரை ஏற்ற, உறவினர் ஏற, இறங்க, வாக்குவாதம் தீர, இருபது நிமிஷம் போயிற்று. ஆஸ்பத்திரி வாசல் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் குழந்தை அடங்கிவிட்டது. மறுநாள் டாக்டர் ஒரு விதி சொன்னார். அதை நான் வாசகமாக்கி, தடித்த தாளில் அழகான எழுத்தில் எழுதி, டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஒட்டினேன். "உள்ளே ஒருவர் இருக்கும்போது வெளியே எவரும் இல்லை. எக்காரணம் கொண்டும் நிறுத்தலாகாது." அந்த முதல் வாக்கியம் என் சொந்தம். அதைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது.

ஜூன் 13க்கு வருகிறேன். காலை ஐந்து இருபதுக்குக் கடியப்பட்டணத்திலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வந்தார். அங்கே ஒரு மீனவரின் மனைவி இரண்டு நாளாகப் பிரசவ வேதனையில் கிடப்பதாகவும், குழந்தையின் கை மட்டும் வெளியே வந்திருப்பதாகவும் சொன்னார். டிரைவர் அண்ணன், நர்ஸம்மா, நான், மூவரும் ஐந்து நாற்பதுக்குப் புறப்பட்டோம். சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மணலில் வண்டி இறங்காது என்பதால், அந்த அம்மாளைப் பாய்மரத் துணியில் கிடத்தி நான்கு பேர் சுமந்துவந்து ஏற்றினார்கள். ஏழேகாலுக்குத் திரும்பப் புறப்பட்டோம். நர்ஸம்மா அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் முன்னால், டிரைவர் அண்ணனுக்குப் பக்கத்தில், தகரப்பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் எனக்கு ஒரு வேலையும் இல்லை. இதை நான் மறைக்கக் கூடாது.

திங்கள்சந்தையைக் கடந்து ஒரு மைல் கிழக்கே ஒரு குளத்தங்கரை வளைவு. அங்கே சாலையின் சரிவில் ஒரு மாட்டுவண்டி கவிழ்ந்து கிடந்தது. மயிலாடியிலிருந்து அன்றைய சந்தைக்கு அம்மியும் ஆட்டுரலும் ஏற்றிவந்த வண்டி. மழையில் சக்கரம் கரையை விட்டு இறங்கியிருக்கிறது. கற்கள் சேற்றில் சிதறிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு மனிதர் மல்லாந்து கிடந்தார். இடது தொடையிலிருந்து இரத்தம் மழைத்தண்ணீரோடு குளத்தை நோக்கி ஓடிற்று. அவருடைய மனைவி சாலையின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் குவித்துக் கும்பிட்டாள்.

"ஐயா, நிறுத்துங்கய்யா! ஏத்தாண்டாம். ஒரு கெட்டு மட்டும் கெட்டிட்டுப் போங்கய்யா!"

டிரைவர் அண்ணன் வண்டியை நிறுத்தவில்லை. நடக்கிற வேகத்துக்குக் குறைத்தார். அவள் விலகிப் பக்கத்தில் ஓடிவந்தாள். அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே என்னிடம் சொன்னார்:

"சார், நீங்க பெட்டியோட எறங்கிக்கிடுங்க. அந்த அம்மைய நான் கொண்டு சேத்திடுதேன். நர்ஸம்மா உண்டுல்லா."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு ஐம்பது.

"நிறுத்தக் கூடாது. போங்கோ."

"நான் எங்க நிறுத்துனேன் சார்? நீங்க எறங்குங்கன்னுதானே சொல்லுதேன்."

"ரூல் இருக்கு. போங்கோ அண்ணே."

அவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நர்ஸம்மாவும் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் அந்த அம்மாள் பல்லைக் கடித்து முனகினாள். வண்டி வேகமெடுத்தது. நான் என் பக்கத்துத் திரையை இழுத்துவிட்டேன். மழை உள்ளே அடிக்கிறது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வண்டி நிற்காமல் போனது சரி. இன்றும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எட்டு முப்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரி சேர்ந்தோம். ஒன்பது பத்துக்கு டாக்டர் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார். ஆண் குழந்தை. தாயும் பிழைத்தாள். இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் இருவருமே இல்லை என்றார் டாக்டர். நிறுத்துவதா வேண்டாமா என்று பிற்பாடு பலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதம் எனக்கு வசதியாகவே இருந்தது. ஏனென்றால் அன்று என் முன் இருந்தது அந்தக் கேள்வி அல்ல. வண்டி போகட்டும், நீ இறங்கு என்பதுதான்.

ஏன் இறங்கவில்லை? பெட்டி வண்டிக்குச் சொந்தமானது, வழியில் அந்த அம்மாளுக்கே துணி தேவைப்பட்டிருக்கலாம் என்று சில வருஷம் சொல்லிக்கொண்டேன். வண்டிப் பதிவேட்டில் புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், உடன் வந்தவர் என்று கட்டங்கள் உண்டு, நடுவழியில் இறங்கியவருக்கு ஒரு கட்டம் இல்லை என்பதும் என் மனத்தில் ஓடியது. கேட்பவர்கள் சிரிக்கலாம். என்னைப் போன்றவன் ஒரு கட்டம் இல்லாத இடத்தில் கால்வைக்கத் தயங்குவான். இவற்றுக்கெல்லாம் அடியில் இருந்தது பயம். டாக்டர் பக்கத்தில் இல்லாமல், கூட்டத்துக்கு நடுவே, என் கைக்குள் ஒருவர் இறந்துபோவாரோ என்ற பயம். தொடையில் இறுக்கிக் கட்ட எனக்குத் தெரியும். எத்தனையோ முறை கட்டியிருக்கிறேன். ஆனால் எப்போதும் டாக்டரின் கண்முன்னால்.

அந்த அம்மாளை இறக்கியதும் டிரைவர் அண்ணன் யாரிடமும் கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அனுமதியில்லாமல் அவர் வண்டி எடுத்தது அந்த ஒருமுறைதான். வில்லுக்குறியில் எதிரே வந்தது வேறொரு மாட்டுவண்டி. அடிபட்டுக் கிடந்த அந்தக் கல்தச்சரை அதில் வைக்கோல்மேல் கிடத்திக் கொண்டுவந்தார்கள். உயிர் போய்விட்டிருந்தது. ஆனாலும் அவரையும் மனைவியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பத்தரைக்கு வந்துசேர்ந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே, "எலும்பு முறியவில்லை. இரத்தம் போய்த்தான் இறந்திருக்கிறார். தொடையில் ஒரு கட்டு இருந்திருந்தால் பிழைத்திருப்பார்" என்றார்.

முற்றத்தில், செய்தி கேட்டு ஓடிவந்திருந்த இறந்தவரின் தம்பி டிரைவர் அண்ணனின் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"ஏலே, எங்க மைனி கையெடுத்துக் கும்பிட்டாளே, நீ பாக்கல்லியா?"

"பாத்தேன் மக்கா."

"பாத்துட்டா போன? நீ மனுசனா?"

"உள்ள ஒரு தாயி கெடந்தா. நிறுத்த முடியாது மக்கா."

"ஒரு கெட்டு கெட்ட ஆளில்லியாலே உங்க வண்டியில?"

 நான் மருந்தறை வாசலில், பத்தடி தூரத்தில், வெள்ளைக் கோட்டோடு நின்றிருந்தேன். டிரைவர் அண்ணன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பினால் அந்தப் பையனுக்கு ஆள் தெரிந்துவிடும் என்பதால் திரும்பவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு என்னைத் தெரிந்திருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"நீங்க மணி பாத்தியளே," என்றாள். "அப்ப எத்தன மணி?"

"ஏழு ஐம்பது."

"ஏழு ஐம்பது," என்று திருப்பிச் சொல்லிக்கொண்டாள். "அப்பம் உயிரோட கெடந்தாவ. எங்கிட்ட தண்ணி கேட்டாவ."

சாயங்காலம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். வண்டி நிற்காததில் தவறில்லை, தைரியமாக விதியைக் காத்தீர்கள் என்றார். பிறகு, "அந்த இடத்தில் வேறு ஏதாவது செய்திருக்க வழி இருந்ததா? டிரைவர் ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

பதிவேட்டில் அன்றைய வரியில், குறிப்பு என்ற கட்டத்தில், "வழியில் தடை ஏதுமில்லை" என்று எழுதினேன். என் கையெழுத்து எப்போதும்போல் நேராக இருந்தது.

நர்ஸம்மாவும் டிரைவர் அண்ணனும் கடைசிவரை யாரிடமும் வாய்திறக்கவில்லை. நான்கு வருஷத்துக்குப் பின் அவர் ஆஸ்பத்திரியை விட்டு ஒரு பஸ் முதலாளியிடம் வேலைக்குப் போனார். வழியில் கண்டால் ஹாரன் அடித்துச் சிரிப்பார். என்மேல் அவருக்கு ஒரு கசப்பும் இல்லை என்றே தோன்றும். அது எனக்குத் தண்டனையாகவே இருந்தது. போன மாதம் அவர் காலமானார் என்று கேள்விப்பட்டேன். சொல்லவேண்டிய ஆள் போன பிறகு எழுதுவதில் எனக்கு என்ன பெருமை இருக்கிறது? இருந்தாலும் மறுநாள் நான் செய்ததையும் எழுதிவிடவேண்டும். முந்தின நாள் செய்ததைவிட அதற்காகவே நான் அதிகம் வெட்கப்படுகிறேன்.

ஜூன் 14, செவ்வாய்க்கிழமை. விழித்ததும் முதல் வேலையாக, முகம்கூடக் கழுவாமல், ஒரு தடித்த தாளை எடுத்துப் புதிய விதி ஒன்றை எழுதினேன். டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லவேண்டும் என்றுதான் கிளம்பினேன். அவர் வீட்டு வாசலில் நின்றபோது வாய் வேறு சொல்லிற்று. "இரவெல்லாம் யோசித்தேன். எனக்கு ஒரு வழி தோன்றுகிறது" என்றேன். அவர் தாளை வாங்கிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். "நல்ல யோசனை. உம்மைப்போல் யோசிப்பவர் வேண்டும்" என்று கையொப்பமிட்டுக் கொடுத்தார். பின்வந்த ஆண்டுகளில் அந்த விதிப்படி நான் மூன்றுமுறை நடுவழியில் இறங்கியிருக்கிறேன். இரண்டு பேர் பிழைத்தார்கள். அந்த யோசனைக்காகச் சபைக் கூட்டத்தில் என்னைப் பாராட்டிப் பேசினார்கள். நான் எழுந்து நின்று வணங்கினேன்.

அன்று காலை ஆறு மணிக்கு நான் கொட்டகைக்குப் போனபோது, டிரைவர் அண்ணன் வண்டிப் பலகையைத் தேய்த்துக் கழுவி முடித்திருந்தார். என் கையில் தாளைப் பார்த்ததும் பழையதை ஈரத்துணியால் ஊறவைத்துச் சுரண்டி எடுத்தார். கஞ்சிப்பசையை விரலால் தடவிப் புதியதை ஒட்டினார். பிறகு பின்வாங்கி நின்று பார்த்தார்.

"என்ன எழுதியிருக்கு சார்? படிங்க, கேப்போம்."

நான் படித்தேன். "வழியில் அடிபட்டவரைக் கண்டால் வண்டி நிற்கலாகாது. வேகத்தைக் குறைக்கவும். கம்பவுண்டர் பெட்டியுடன் இறங்கிக்கொள்ளவும். நோயாளியை டிரைவர் கொண்டு சேர்க்கவும்."

அவர் தலையைச் சாய்த்து முழுவதையும் கேட்டார். ஒரு மூலை ஒட்டாமல் எழும்பி நின்றது. அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே, "சரிதான்" என்றார்.