என் முழங்கையைப் பற்றி அம்மா சொன்ன இரண்டு சாட்சிகள்

2011 ஒக்டோபரில் என் வலது முழங்கை மடங்க மறுத்தது. ஒரு பிடி சோறு வாய்க்குப் போவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஏனென்றால் ஆண்டவர் என்னைச் சுகப்படுத்திவிட்டார் என்று அம்மா ஏற்கெனவே சபையில் சாட்சி சொல்லிவிட்டார்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. புலம்பெயர்ந்து வந்த எங்கள் வீடு கிளென் வேவர்லியில். கிரிக்கெட்டில் நான் பந்துவீசினால் முழங்கை மடங்குகிறது, அது பிழை என்று எங்கள் அங்கிள்மார் என்னை ஒதுக்கிவிட்டார்கள். பேஸ்போல் குழுவிலோ அதே கையைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பந்து எறியும் பிட்சர் ஆனேன். வேகம் கூடக் கூட நோவும் கூடியது.

முதலில் அம்மாவிடம் சொன்னேன்தான். பாஸ்டர் எண்ணெய் பூசி ஜெபித்தார். நோவு நின்றது. ஒரு கிழமை எறியாமல் இருந்தால் யாருக்கும்தான் நிற்கும். அம்மாவோ அடுத்த ஞாயிறே மைக்கைப் பிடித்துவிட்டார். சபை முழுக்க அல்லேலூயா. அன்ரிமார் வரிசையாக வந்து என் முழங்கையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

மறுபடி எறியத் தொடங்கியதும் நோவு திரும்பியது. சொன்னால் அம்மா பொய் சொன்னவர் ஆவார், ஆண்டவருக்கும் வெட்கக்கேடு என்று பயந்தேன். மாத்திரை போட்டுக்கொண்டு எறிந்தேன். வீட்டில் கரண்டியை இடக்கையில் பிடித்துச் சாப்பிட்டேன். வெள்ளைக்காரனாகிவிட்டேன் என்று அம்மா கேலி செய்தார். இதற்கிடையில், அமெரிக்கக் குழு ஒன்றுக்காக இளம் ஆட்டக்காரர்களைத் தேடி ஒருவர் வருகிறார், வரும் சனிக்கிழமை உன்னைப் பார்ப்பார் என்றார் பயிற்சியாளர். இனி எப்படி வாயைத் திறப்பது?

என் ஜெபம் சின்னது. "ஆண்டவரே, எனக்குச் சொல்ல வாய் வருகுதில்லை. நீரே அம்மாவுக்குச் சொல்லும்."

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, மல்கிரேவில் எங்கள் சபையில் ஆராதனை முடிந்து சாப்பாடு. கரண்டியைத் தேடினேன். முடிந்துபோயிருந்தது. எங்கள் சபையில் கரண்டி முடிந்த நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வலது கையால் சோற்றைப் பிசைந்தேன். கை பாதி வழியில் நின்றது. குனிந்து வாயைக் கைக்குக் கொண்டுபோனேன். எதிரே கறி பரிமாறிக்கொண்டிருந்த அம்மா பார்த்துவிட்டார்.

"தம்பி, கை இன்னும் நோகுதோ?"

"ஓம், அம்மா."

"ஏன்டா சொல்லேல்லை?"

"நீங்கள் சுகமெண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டியள்."

அம்மா அழுதுவிட்டார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து மிச்சச் சோற்றைத் தன் கையால் எனக்குத் தீத்திவிட்டார். பதினாறு வயதுக்காரனுக்கு, அத்தனை பேருக்கும் முன்னால்!

டொக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். வளர்ந்துகொண்டிருந்த எலும்பின் ஒரு துண்டு இழுபட்டுக் கிளம்பத் தொடங்கியிருந்தது. இன்னும் எறிந்திருந்தால் பிய்ந்து வந்திருக்கும், பிறகு ஒப்பரேஷன்தான் என்றார். சனிக்கிழமை நான் எறியவில்லை. வந்தவர் வேறொருவனைப் பார்த்துவிட்டுப் போனார். அன்று நன்றாக அழுதேன். அதையும் மறைக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிறு அம்மா மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"என்ர மகனுக்கு இன்னும் சுகம் வரேல்லை. நான் அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டன். ஆனா அவன் மறைச்ச நோவை ஆண்டவர் எனக்குக் காட்டினவர். அதுக்கு ஸ்தோத்திரம்."

ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. பின்வரிசையில் ஒரு அன்ரி எழுந்து, தனக்கும் சீனி வருத்தம், அந்த நீரிழிவு, மாறவில்லை, தயவுசெய்து ஜெபியுங்கள் என்றார். அவருக்குச் சுகம் கிடைத்ததாக நாங்கள் முன்பே கைதட்டியிருந்தோம்.

இது 2013. மாதக்கணக்கில் ஓய்வெடுத்த பிறகு எலும்பு பொருந்திவிட்டது. இப்போது அளவோடு எறிகிறேன். நொந்தால் அன்றே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா போகவில்லை. போவேனா என்றும் தெரியாது. ஆனால் என் சின்ன ஜெபத்தை அவர் கேட்டார் என்பது தெரியும்.

உங்களுக்கும் நோகிறதா? நோகிறது என்றே அவரிடம் சொல்லுங்கள். அவருக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. ஒரு ஞாயிறு மல்கிரேவுக்கு வாருங்கள், சாப்பாட்டுக்கும் நில்லுங்கள். கரண்டி இப்போது தாராளமாக இருக்கிறது. நான் கையால்தான் சாப்பிடுகிறேன்.