நேராப் போகுது

எங்கள் பக்கத்தில் 'நேரா' என்ற சொல்லை நம்பி நான் ஓரடி எடுத்து வைத்ததில்லை. பெரியகுளம் ரோட்டில் யாரிடம் வழி கேட்டாலும் நேராகப் போங்கள் என்பார்கள். அதற்குள் இரண்டு திருப்பம் இருக்கும். என் வீட்டுக்காரரும் தினமும் போனில் நேராக வீட்டுக்குத்தான் வருகிறேன் என்பார். டீக்கடை, உரக்கடை எல்லாம் சுற்றித்தான் வருவார்.

அல்லிநகரத்தில் பழைய வீடொன்றை வாங்கி, ஈசானி மூலையில் தண்ணீர்த் தொட்டி தோண்ட நாள் பார்த்திருந்தோம். முதல் கடப்பாறையை அவர்தான் போட வேண்டும். போர் மோட்டாருக்குப் போகும் கரண்ட் வயர் அந்தப் பக்கம்தான் மண்ணுக்குள் கிடந்தது. வீட்டை விற்றவர் சுருளிப்பட்டிக்குக் குடிபோயிருந்தார். போனில் கேட்டதற்கு, மீட்டர் பெட்டியிலிருந்து போருக்கு நேராகப் போகிறது என்றார். இவர் கயிறு பிடித்துப் பார்த்தார். மஞ்சள் குங்குமம் வைத்த இடம் கயிற்றைவிட்டு நன்றாகத் தள்ளியே இருந்தது. டிரம் நிரம்பட்டும் என்று மோட்டாரை வேறு ஓடவிட்டிருந்தார்.

"வித்தவுகளே சொல்றாக. நல்ல நேரம் போகப் போகுது, தள்ளி நில்லு."

தள்ளி நிற்கிற ஆளா நான்? கடப்பாறையைப் பிடுங்கிச் சுவரில் சாத்திவிட்டு மெயினை இறக்கினேன். மோட்டார் நின்றது, அவர் முகம் கடுகடுத்தது. விற்றவரை நானே மறுபடி கூப்பிட்டு, நடுவில் எதையாவது சுற்றிப் போகிறதா என்று கேட்டேன்.

"நேராத்தாம்மா போகுது. அங்கன ஒரு கொய்யா மரம் நின்னுச்சு, அத மட்டும் சுத்திப் போகும்."

நாங்கள் வாங்கியபோது அந்த வீட்டில் மரமே கிடையாது. களைக்கொத்தை எடுத்து மண்ணை மேலாகச் சுரண்டினேன். ஒரு சாண் ஆழத்தில், குங்குமத்துக்கு நேர் கீழே, குழாய்கூட மாட்டாத கறுப்பு வயர். கடப்பாறைக்கு ஒரே குத்துப் போதும்.

அதுவரை அதட்டிக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வயரைக் குழாய்க்குள் விட்டு வேறு பக்கம் மாற்றிய பிறகு, இன்னொரு நல்ல நாளில் தொட்டி தோண்டினோம். நேற்றும் கூடலூரிலிருந்து கூப்பிட்டு, நேராக வீட்டுக்குத்தான் வருவதாகச் சொன்னார். எந்த மரத்தைச் சுற்றி என்று கேட்டேன். சிரித்தார். எத்தனை மரத்தைச் சுற்றினாலும் சரி, மனுஷன் வந்து சேர்ந்தால் போதும்.