கேமரனுக்காக ஒரு மொட்டை

எங்க வீட்டுக்காரர் பேரு வெள்ளியங்கிரி. இங்க அமெரிக்காவுல, டெக்சாஸ்ல ரிச்சர்ட்சன்கற ஊர்ல ஒரு டெலிகாம் கம்பெனியில வேலை. அது சும்மா சம்பளத்துக்குங்க. நிஜமான உத்தியோகம், ஃபிரிஸ்கோவுல எங்க வீட்டு சோபாவுல சாஞ்சுக்கிட்டு, காலேஜ் பேஸ்கட்பால் பசங்கள்ல எவன் தேறுவான், எவன் தேற மாட்டான்னு தீர்ப்புச் சொல்றது. யாரும் கேக்க வேண்டியதில்லை. கோயில் கேன்டீன்ல தோசைக்கு நின்னாலும் முன்னாடி நிக்கிறவரைத் திருப்பி நிறுத்திச் சொல்லுவார்.

"இந்த வருஷம் எல்லாரும் ஒருத்தனைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஆடறாங்களே, ஏழடிப் பையன், அவனுக்கு இடது கைன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. இடுப்புல ஒரு இடி வாங்குனா மடங்கிருவான். வேணும்னா எழுதி வெச்சுக்கங்க."

அந்த மனுஷன் பாவம், தோசைக்கு வந்தவர்.

இவரும் இஞ்சினியரிங் படிக்கிறப்ப காலேஜ் டீம்ல இருந்தவர்தான். இருந்தார்னா, பெஞ்சுல இருந்தார். அதனாலயோ என்னமோ, ஒரு பையன் எத்தனை பாயின்ட் எடுத்தான்னு பார்க்கவே மாட்டார். கோச் வெளிய கூப்பிட்டு உட்கார வெச்சா என்ன பண்றான்னுதான் பார்ப்பார். துண்டைத் தூக்கி எறிஞ்சா அவன் கதை முடிஞ்சுது. உள்ள போறவன் முதுகுல தட்டிக் குடுத்து அனுப்புனா, அவன் இவருக்குச் சொந்தக்காரன் ஆயிருவான்.

அப்படி வந்து சேர்ந்தவன்தான் கேமரன். கிழக்கு டெக்சாஸ் பக்கம் ஏதோ ஒரு சின்ன காலேஜ். அந்தப் பையன் ஆட்டத்தைப் பார்க்க என்னையும் கார்ல ஏத்திக்கிட்டு எங்கெங்கியோ போனார். எங்க பொண்ணு யாமினிக்கு தீபக்கை முடிவு பண்ணப்ப இவர் கேட்டது ஒரே கேள்வி, "தம்பி, நீங்க எந்த டீம்?" கேமரனைப் பத்தி மட்டும் அம்மா என்ன வேலை, தங்கச்சி என்ன படிக்கிறா, முழங்கால்ல பழைய அடி ஏதாச்சும் உண்டான்னு அக்குவேறா ஆணிவேறா விசாரிச்சு முடிச்சாச்சு. அம்மா ஸ்கூல் பஸ் ஓட்டறாங்களாம். "நல்ல குடும்பம் வசந்தா"ன்னார், சம்பந்தம் பேசப் போறவராட்டம்.

ஜூன் மாசக் கடைசியில என்.பி.ஏ.ங்கற பெரிய பேஸ்கட்பால் லீக்கோட டிராஃப்ட் வரும். ஒவ்வொரு டீமும் காலேஜ் பசங்க பேரை ஒவ்வொண்ணா மேடையில வாசிச்சு எடுத்துக்கற நாள் அது. கேமரன் பேரு டிவிக்காரங்க போட்ட எந்த உத்தேசப் பட்டியல்லயும் இல்லை. இவர் மட்டும் எடுப்பாங்கன்னு ஒத்தக் கால்ல நின்னார். கூட வேலை பார்க்கற சபரி வாட்ஸ்அப் குரூப்புல சிரிக்கிற பொம்மையா போட்டுத் தள்ளுனான். இவருக்கு வந்துச்சு பாருங்க ரோஷம். நேரா ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய், டிராஃப்ட்ல கேமரன் பேரை வாசிச்சா மறுநாளே மொட்டை போட்டுக்கறேன்னு வேண்டிக்கிட்டு வந்துட்டார்.

மொட்டைன்னா பழநிக்கில்ல போடுவாங்கன்னு கேட்டேன். பழநி தூரமாச்சேங்கறார்.

டிராஃப்ட் வியாழக்கிழமை. சனிக்கிழமை யாமினிக்கு நிச்சயதார்த்தம்.

"ஏனுங்க, சனிக்கிழமை என்னன்னு நெனப்பு இருக்குதுங்களா?"

"சனிக்கிழமை மேட்ச் எதுவும் இல்லையே."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிருச்சு. "மொட்டைத் தலையோட நின்னு உப்புச் சக்கரை மாத்துவீங்களா? மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரை என்ன நெனைக்கும்? இவங்க வீட்டுல ஏதோ கெட்டது நடந்துபோச்சுன்னு நெனைக்காதா?"

"வேண்டுனதை மாத்த முடியாதே, அம்மிணி."

"மாத்த வேண்டாம். நானும் வேண்டிக்கறேன்." அடுத்த நாளே அவரைக் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பக்கத்துல நிறுத்தி, அவர் காது கேக்கவே சொன்னேன்: "சாமி, அந்தப் பையன் நல்லா இருக்கட்டும். ஆனா இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் எடுக்கட்டும்."

"அவனுக்குக் காலேஜ்ல இது கடைசி வருஷம் வசந்தா"ன்னு முணுமுணுத்தார். யாமினிகிட்ட முறையிட்டேன். "இட்ஸ் ஹிஸ் ஹேர், அம்மா"ன்னுட்டா.

வியாழக்கிழமை சாயங்காலம் டிவியில பேரு வாசிக்க ஆரம்பிச்சாங்க. கேமரனோட தங்கச்சி அவங்க வீட்டுல இருந்து ஃபோன்ல லைவ் போட்டிருந்தா. இவர் அதையும் திறந்து வெச்சுக்கிட்டார். சின்ன ஹால்ல சொந்தபந்தமெல்லாம் நெருக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. அம்மாக்காரி வேலைக்குப் போற சட்டையைக்கூட மாத்தலை. மேசை நெறையச் சாப்பாடு, ஒருத்தரும் தொடலை. ஒவ்வொரு பேரும் வேற எவனுதாவே வந்துச்சு. அந்தம்மா ஒவ்வொரு தடவையும் மகன் தோளை நீவி விட்டாங்க. ஒரு கட்டத்துல நான் சாமி படத்தைப் பார்த்து, "நான் சொன்னதையெல்லாம் பெருசா எடுத்துக்காதீங்க"ன்னு கும்பிட்டுக்கிட்டிருந்தேன்.

கடைசிப் பேரும் வாசிச்சு முடிச்சாங்க. கேமரன் இல்லை. அந்தப் பையன் எந்திரிச்சு அம்மாவைக் கட்டிப் பிடிச்சான். பொறவு வந்தவங்களுக்கெல்லாம் அவனே தட்டெடுத்துச் சோறு போட ஆரம்பிச்சான்.

இவர் டிவியை நிறுத்திட்டு, "சரி விடு, நிச்சய ஃபோட்டோ நல்லா வரும்"னார். ஃபோட்டோவாம் ஃபோட்டோ. எனக்கு என் மேலயே ஆத்திரமா வந்துச்சு.

காப்பி கூட ஆறலை, சபரி ஃபோன் பண்ணான். டிராஃப்ட்ல விட்டுப்போன பசங்கள்ல சில பேரை டீம்காரங்க அப்புறமா தனியா கூப்பிட்டு கான்ட்ராக்ட் போடுவாங்களாம். "அண்ணா, நம்ம கேமரனை எடுத்துட்டாங்க. நீங்க சொன்னது சரிதாண்ணா." இவர் சோபா மேல ஏறி நின்னுட்டார். நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு நாய் குரைச்சுது.

கொஞ்ச நேரத்துல இறங்கி உட்கார்ந்து யோசிச்சார். "டிராஃப்ட்ல வாசிச்சாத்தானே மொட்டைன்னேன்? வாசிக்கலையே. உம்பட வேண்டுதலும் பலிச்சிருச்சு, எந்தலையும் தப்பிச்சுது."

"சாமிகிட்டப் போய் ரூல் பேசுவீங்களா? பையன் டீம்ல சேர்ந்தானா இல்லையா? காலையில நேரத்துலயே எந்திரிங்க."

விடிஞ்சதும் வீட்டுக்குப் பின்னாடி நாற்காலியைப் போட்டு உட்கார வெச்சு, நானே டிரிம்மரைப் புடிச்சேன். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, கேமரன் எந்த இடத்துல நின்னு ஆடுனா அந்த டீமுக்குப் பொருந்தும்னு விடாம சொல்லிக்கிட்டே இருந்தார். கல்யாணம் ஆனதுல இருந்து அவர் பேச்சை அவ்வளவு சந்தோஷமா நான் கேட்டதே இல்லைங்க. முடிச்சுச் சந்தனத்தைத் தடவி விட்டேன்.

சனிக்கிழமை ஹாலுக்குள்ள வந்ததும் தீபக்கோட அம்மா இவர் தலையைப் பார்த்துப் பதறிட்டாங்க. என்னை ஓரமா இழுத்து, "ஏனுங்க சம்பந்தி, என்னாச்சுங்க?"ன்னாங்க.

"நல்ல விஷயந்தானுங்க. எங்க பையனுக்கு வேலை கெடைச்சிருச்சு, அந்த வேண்டுதல்"னேன்.

"உங்களுக்கு ஒரே பொண்ணுன்னுதானே சொன்னீங்க?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள இவர் ஃபோனோட வந்து, பையன் ஆடற வீடியோவை அவங்களுக்குக் காட்ட ஆரம்பிச்சுட்டார்.